மாடிப்படியில் நின்ற ராணி

1

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு மாதப் பத்திரிகை நடத்தும் என் நாத்தனார் மகள் போன வாரம் போனில் கூப்பிட்டாள். "அத்தே, அரையாண்டு லீவு வருது. வீட்டுல எல்லாரும் சேந்து உக்காந்து பாக்குற மாதிரி, அந்தக் காலத்துக் கதையா வர்ற குறுந்தொடர் ரெண்டு மூணு சொல்லுங்க. நீங்க அங்க நாள் முச்சூடும் அதத்தான பாக்குறீக" என்றாள். நாள் முச்சூடும் என்று சொன்னது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பொய்யில்லை. இங்கே சீமையில், லெஸ்டரில், டிசம்பர் மாதம் மூன்றே முக்காலுக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் எழுபத்தொன்பது வயதுக்காரி எங்கே போவாள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தொடர்களின் பெயர் மனதில் நிற்காது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் எந்தப் படத்தையும் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. 'மோதிரம் கெணத்துல விழுந்த படம்' என்போம். 'ஊமையா நடிச்சு ஊர ஏமாத்துனவன் படம்' என்போம். அதே வழக்கத்தில்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். சரியான பெயர்களை என் மகள் கீதா ஒரு தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புவாள். தேடிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தபால்காரி கதை. நாலு பாகம். கடலோர ஊர் ஒன்றில் புருசன் படுத்த படுக்கையானதும் தபாலாபீஸைப் பெண்டாட்டி எடுத்து நடத்துகிறாள். வருகிற கடிதங்களில் ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறாள். ஏன் என்பதுதான் கதை. இதில் யாரும் ஓடுவதில்லை, கத்துவதில்லை. பொறுமையில்லாதவர்கள் கையில் கொஞ்சம் வேலையை வைத்துக்கொண்டு பார்க்கலாம். மொச்சை உரிக்கலாம்.

இரண்டாவது, சாவிக்கொத்துக் கதை. அஞ்சு பாகம். பெரிய வீடு ஒன்றின் எல்லாச் சாவியும் ஒரு வேலைக்காரம்மாவின் இடுப்பில் தொங்குகிறது. எசமானி செத்துப்போகிறாள், புது எசமானி வருகிறாள், சாவியைக் கேட்கிறாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் நல்லது. மூன்றாம் பாகத்தில் ஒரு விருந்து வருகிறது, அதைப் பசியோடு பார்க்காதீர்கள்.

மூன்றாவது, கப்பல்காரன் பெண்டாட்டி கதை. ஆறு பாகம். ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன், கப்பலில் விழுந்து கால் ஊனமாகி, ஒன்பது வருசம் கழித்து வந்து வாசலில் நிற்கிறான். அவள் மாடியில் இருக்கிறாள். ஐந்தாம் பாகம் முடிகிறபோது அவன் கீழே, முதல் படியில் கையை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அவள் மேலே கதவோரம் நிற்கிறாள்.

அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் ரிமோட்டைத் தேடி நிறுத்திவிட்டேன். அப்படியே ஒரு படிக்கட்டின் கீழ் ஒருவனையும் மேல் ஒருத்தியையும் அறுபத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னால் திண்டுக்கல் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைக்கு நான் சொன்ன ஒரு பொய், என் செல்லக்காவின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இந்த வயது வரை தெரியாமலே இருந்தது. தொடர் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைச் சொல்லாமல் என்னால் முடியாது.

2

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், அய்யா சேலைகளை விரித்துப் போடுவார். ஆறேழு பெண்கள் சுற்றி உட்கார்ந்து புள்ளி வைத்த இடத்தில் துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குவோம். ஒரு முடிச்சுக்கு ஒரு புள்ளி. சாயத்தில் முக்கி எடுத்து உதறினால் முடிச்சுக்குள் மறைந்திருந்த வெள்ளை கண்ணைத் திறக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இடுப்பு வலிக்கும், கண் எரியும், பேச்சு இல்லாவிட்டால் கை நின்றுவிடும்.

அந்தப் பேச்சுக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். மளிகைப் பொட்டலம் மடித்து வந்த தாளைக்கூடப் பிரித்து வாசிக்கிற பைத்தியம். கேட்ட கதையைக் குரல் மாற்றிச் சொல்லுவேன். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் முத்தம்மா அத்தை. ஒருநாள் அவர் அய்யாவிடம், "ஏப்பா, இவளக் கூட்டிப்போயி ஒரு படத்தக் காட்டிட்டு வா. வந்து சொன்னாள்னா எங்க கை தானா ஓடும்" என்றார். அய்யா யோசித்தார். அவர் சினிமாவுக்கு எதிரி. ஆனால் முடிச்சு ஓடும் என்றால் வேறு விஷயம்.

இப்படித்தான் மாதம் ஒரு படம் எனக்கு வாய்த்தது. முடித்த சேலைகளைத் திண்டுக்கல் கடையில் போடுவதற்கு அய்யா போகும் ஞாயிற்றுக்கிழமையில் நானும் போவேன்.

கதை சொல்லுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். சேலையின் அளவுதான் கதையின் அளவு. கரையில் தொடங்கும்போது ராசாவும் மந்திரியும் வந்துவிட வேண்டும். உடல் பாதி முடிவதற்குள் ஒரு சண்டை, ஒரு பிரிவு. முந்திக்கு வரும்போது கதையின் முடிவு. முந்தியில் முடிச்சு நெருக்கமாக விழும், அங்கேதான் எல்லோருக்கும் கை சலிக்கும். அதனால் நல்ல இடத்தை முந்திக்கென்று ஒதுக்கி வைப்பேன். நான் வேகமாகச் சொல்லிவிட்டால் முத்தம்மா அத்தை அதட்டுவார். "ஏடி, இன்னும் எட்டு முழம் கெடக்கு, அதுக்குள்ள ராசாவக் கொன்னுபுட்டா மிச்சத்துக்கு நாங்க ஒப்பாரியா வைக்கிறது?"

இன்னொரு பொறுப்பும் என் தலையில் இருந்தது. வருசத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்ந்து கிடைக்கிற ஒரே லீவு, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வரும் கரிநாள். அன்றைக்கு எந்தப் படத்துக்குப் போகலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நாத்தனார் மகள் கேட்கிற அதே வேலை.

3

இதில் ஒரு கோளாறு இருந்தது. அய்யாவோடு போன ஒரு படத்தையும் நான் கடைசிவரை பார்த்ததில்லை.

பொம்பளைப் பிள்ளை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும், அது அய்யாவின் கட்டளை. பகல் காட்சி இரண்டரைக்கு. முதலில் செய்திப் படம், அப்புறம் விளம்பரம், அப்புறம்தான் கதை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் நாலே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். பெண்கள் பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போகும் அய்யா, சரியாக அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழிக்கும் சீனியம்மாள் இருட்டில் தடவிக்கொண்டு வந்து என் தோளைத் தொடுவார். "சரசு, ஒங்கய்யா வந்துட்டாக."

"செத்த நேரம் சீனியக்கா. அவன் கத்திய எடுத்துட்டான்."

"எடுத்தவன் குத்தட்டும், குத்தாமப் போகட்டும். வாழ்ந்தவுக கதை இன்னைக்கேவா முடியப்போவுது? நீ எந்திரி."

வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். மலைக்கோட்டை எதிரே அப்படியே இருக்கும். உள்ளே என்ன ஆனதோ என்று காலை இழுத்துக்கொண்டு நடப்பேன். அய்யா, "என்னத்தா படம் முடிஞ்சிருச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் "முடிஞ்சிருச்சு" என்பேன்.

பார்க்கவில்லை என்று பட்டாசாலையில் எப்படிச் சொல்வது? சொன்னால் மறுமாதம் அனுப்ப மாட்டார்கள். சின்னாளப்பட்டிக்கு வந்து சேரும் அந்த அரைமணி நேரப் பயணத்தில் முடிவை நானே கட்டிவிடுவேன். பஸ் காந்திகிராமம் தாண்டும்போது ராசா உயிர் பிழைத்திருப்பான். கரிநாளுக்கு முத்தம்மா அத்தையோடு போவதால் படம் முடியும்வரை உட்காரலாம், அதனால் அன்றைக்கு மட்டும் கவனமாக இருப்பேன். நான் சொல்லாத படமாகப் பார்த்துத்தான் 'இது நல்லா இருக்குமாம்' என்று சிபாரிசு செய்வேன். இரண்டு வருசம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

4

செல்லக்கா எங்களுக்குத் தெருவழி அக்கா. நத்தத்தில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகி ஒரு வருசத்தில் மாமியாருக்கும் அவளுக்கும் ஏதோ பேச்சு முற்றியிருக்கிறது. புருசன் தாயின் பேச்சைக் கேட்டு, "ஒரு வாரம் ஒங்க வீட்டுல இருந்துட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டான். அந்த ஒரு வாரம் மூன்று வருசமாக இழுத்தது. அவள் வாயைத் திறந்து யாரையும் குறை சொன்னதில்லை. முடிச்சுப் போடும்போது நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள், அதில்தான் கோபம் தெரியும்.

நான் சொல்கிற ராணி படம் வந்தது அறுபது, அறுபத்தொன்று வாக்கில், மார்கழியில். அந்த மாதம்தான் நத்தத்துக்காரர் திடீரென்று தெருவுக்கு வந்து நின்றார். புளி மண்டியில் வேலை பார்ப்பவர். வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டிருந்தார். "தப்புத்தான். கூப்பிட வந்திருக்கேன்" என்று செல்லக்காவின் அப்பாவிடம் சொன்னார். அவள் உள்ளேயே இருந்துகொண்டாள். பொங்கலுக்குள் ஒரு முடிவு சொல்லுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகட்டும் என்று பாதித் தெரு, போகக்கூடாது என்று மீதித் தெரு. அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த படத்தில், ராசா யாரோ சொன்ன சொல்லை நம்பி ராணியை எல்லைக் கோட்டைக்கு அனுப்பிவிடுகிறான். பன்னிரண்டு வருசம். அப்புறம் உண்மை தெரிந்து, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாக வந்து கோட்டையின் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறான். ராணி மாடிக் கதவைத் திறந்து பார்க்கிறாள். அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். உதடு அசையப் போகிறது.

"சரசு, ஒங்கய்யா வந்துட்டாக."

எட்டு நாள் சொன்னேன் அந்தக் கதையை. மற்றப் படங்களுக்குக் கேள்வி கேட்கிற செல்லக்கா இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் முந்திக்கு வந்துவிட்டோம். ராசாவைப் படிக்குக் கீழே நிறுத்தினேன். ராணியைக் கதவோரம் நிறுத்தினேன். எல்லோர் கையும் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கை மட்டும் நின்றுவிட்டது.

"அப்புறம் என்ன செஞ்சா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது நான் இரண்டு முடிவு கட்டி வைத்திருந்தேன். எதைச் சொல்வது என்று அதுவரை தீர்மானிக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எதைக் கேட்க விரும்புகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"எறங்கி வந்துட்டாக்கா. ஒவ்வொரு படியா எறங்கி வந்தா. வந்து, 'இனிமே யார் பேச்சையும் கேட்டு என்னைய அனுப்பக் கூடாது'ன்னு சொன்னா. ராசா சரின்னான். தேருல ஏறிப் போயிட்டாக."

"போயிட்டாளா" என்றாள் செல்லக்கா. நூலைக் கடித்து அறுத்தாள்.

மறுவாரம் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நத்தம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வழியில் நிறுத்திக் கேட்ட முத்தம்மா அத்தையிடம், "ராணிக்கே அம்புட்டுத்தான், எனக்கு என்னத்தே" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

5

அந்த வருசம் கரிநாளுக்கு என் சிபாரிசை யாரும் கேட்கவில்லை. "செல்லத்தாய வாழ அனுப்புன படத்துக்குத்தான் போகணும்" என்று முத்தம்மா அத்தை முடிவு செய்துவிட்டார். வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "ஓமத்தண்ணியக் குடிச்சிட்டு வா" என்றார்கள்.

பாதியில் விட்டு வந்த ஒரு படத்துக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக நாலே முக்காலைத் தாண்டிக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். ராணி கதவோரம் வந்தாள். உதடு அசைந்தது. பேசினாள். பன்னிரண்டு வருசத்துக்கும் சேர்த்துப் பேசினாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ராசா தலையைக் குனிந்து திரும்பிப் போனான். விளக்குப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பெஞ்சில் யாரும் எழவில்லை. சீனியம்மாள் வந்து, "படம் விட்டாச்சு, எந்திரிங்கத்தா" என்று சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் முத்தம்மா அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர் ஊர் நெருங்கும்போது, "நீ கூட்டியாந்த ராணி வேற, இங்க வந்த ராணி வேற" என்றார். பிறகு, "இத யாரும் நத்தத்துக்குப் போயிச் சொல்ல வேணாம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் கதை சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை சரியில்லாமலே இருக்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். செல்லக்கா இரண்டு தடவை ஊருக்கு வந்தாள். இரண்டு தடவையும் நான் சாயக்கூடத்துப் பக்கம் போய் ஒளிந்துகொண்டேன். அவள் மெலிந்திருந்தாள் என்றார்கள். நல்லாத்தான் இருக்கா என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு எனக்குக் கல்யாணமானது. பின்னலாடை ஆலை வேலைக்கு இங்கே வந்திருந்த அவருக்குப் பின்னாலேயே நானும் விமானம் ஏறிவிட்டேன்.

6

இங்கே வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே இந்த அந்தக்காலத்துக் கதைகள்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாடகை டிவியில் வாரம் ஒரு பாகம் வரும். அவர் ஆலைக்குப் போன பிறகு கண்ணாடி முன் நின்று, அந்தச் சீமாட்டிகள் பேசுவது போலப் பேசிப் பழகுவேன். அதன் பலன் பல வருசம் கழித்து, அவர் போய்ச்சேர்ந்த பிறகு, நகராட்சி அலுவலகத்தில் தெரிந்தது. வீட்டை என் பெயருக்கு மாற்ற மூன்று படிவம், நாலு நகல், ஐந்து தடவை அலைச்சல். ஆறாவது தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், "தங்கள் கருணைக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவளாக இருப்பேன், அம்மணி" என்று இருநூறு வருசத்துக்கு முந்திய இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எந்த நாடகத்தில நடிக்கிறீங்க?" என்றாள். ஆனால் வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொடர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எப்போதாவது உதவும்.

என் பிள்ளைக்கு நான் காட்ட முடியவில்லை. கீதா இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவாள். வந்தால் அவள் ஒரு அறையில், நான் ஒரு அறையில். காதில் மாட்டிக்கொண்டு அவளுடைய தொடர்களை அவள் பார்ப்பாள். அதுகூடப் பரவாயில்லை. எந்தக் கதையாக இருந்தாலும் முதலில் அதன் முடிவை எங்கேயோ தேடி வாசித்துவிடுவாள். அப்புறம்தான் முதல் பாகத்தைத் தொடங்குவாள்.

"முடிவு தெரிஞ்சிட்டா அப்புறம் எதுக்கும்மா பாக்கணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முடிவு தெரிஞ்சாத்தான் டென்ஷன் இல்லாம பாக்கலாம்மா" என்றாள்.

முடிவே பார்க்காமல் வளர்ந்தவளுக்கு, முடிவை முதலில் பார்க்கிற மகள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் கதை எங்கேயோ கிடக்கிறது.

7

போன மாதம் ஒரு காரியம் நடந்தது. நாத்தனார் மகள் நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு வயசாளி, "சின்னாளப்பட்டியா? எங்க சரசு சீமையில இருக்காளாமே, அவ நம்பர் இருக்கா?" என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு என் போன் அடித்தது.

"ஏத்தா சரசு, தொண்ட சரியாயிருச்சா?"

அறுபது வருசம் கழித்து முதல் கேள்வி அது. நான் அழுதேன். அவள் சிரித்தாள். கண் இரண்டும் மங்கிவிட்டதாம், டிவியைப் போட்டால் சத்தம் மட்டும்தானாம். "ஒனக்கென்ன, வெலாவாரியாச் சொல்லுவ. சொல்லு, என்ன பாக்குற இப்ப?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன். தபால்காரி கதையை நாலு நாள். சாவிக்கொத்தை அஞ்சு நாள். கப்பல்காரன் கதையைத் தொடங்கியபோது அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் பாகத்தின் படிக்கட்டைப் பார்த்து டிவியை நிறுத்தினேன் என்று சொன்னேனே, அதற்கு மறுநாள் அவளிடம் பேச வேண்டியிருந்தது. கீதா லீவுக்கு வந்திருந்தாள். சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் பாகத்தைச் சொல்லி முடித்தேன். அவனைப் படிக்குக் கீழே நிறுத்தினேன். அவளைக் கதவோரம் நிறுத்தினேன்.

"செல்லக்கா, ஒன்னு கேக்கணும்."

"கேளு. கேக்குறதுக்கு வரியா போட்டிருக்காக?"

"அந்த ராணி படம் இருக்குல்ல. நான் சொன்ன முடிவு படத்துல இல்ல. நான் கடைசிய பாக்கவே இல்ல. அய்யா வந்துட்டாக, நான் எந்திரிச்சு வந்துட்டேன். நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா? முத்தம்மா அத்தையா?"

"அத்தை எதுக்குச் சொல்லுறாக. மாம்பழ சீசனுக்கு நத்தத்துல டூரிங் கொட்டகை போட்டிருந்தான். அந்தப் படந்தான் வந்துச்சு. நானும் எங்க வீட்டுக்காரவுகளும் போயிருந்தோம்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ராணி கதவச் சாத்துறாளா, இவுகளுக்கு உக்கார முடியல. பீடி குடிச்சிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிட்டாக. படம் விட்டு சனம் பூராம் வெளிய வருது. இவுக சோடாக்கடை ஓரமா நிக்கிறாக. 'கடைசில என்னாச்சு?'ன்னாக."

"நீ என்னக்கா சொன்ன?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். 'கதவத் தொறந்து எறங்கி வந்துட்டா. இனிமே யார் பேச்சையும் கேட்டு என்னைய அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் தேருல ஏறுனா'ன்னேன். இவுக பீடியக் கீழ போட்டு மிதிச்சுட்டு நடந்தாக. அன்னைக்கப்புறம், மாமியா எம்புட்டு ஏத்திவிட்டாலும், 'ஒங்க வீட்டுக்குப் போ'ன்னு ஒரு சொல்லு அவுக வாயில வரல சரசு. சாகுற வரைக்கும் வரல."

"நல்லா இருந்தியாக்கா?"

"நல்லா இருந்தேன்னும் சொல்ல மாட்டேன், கெட்டேன்னும் சொல்ல மாட்டேன். நாலு பெத்தேன், மூணு இருக்கு. மாமியாளுக்குக் கடைசியில நாந்தான் கஞ்சி ஊத்துனேன். நீ என்ன, இதையா இத்தன வருசமா வயித்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

"நான் சொன்னதாலதான போன."

"எனக்கே தெரியலடி. போகணும்னு இருந்துச்சு. ஆனா எனக்கு முன்னால ஒருத்தி போகணும்னு இருந்துச்சு. ராணி போனா, நான் பின்னால போனேன்." கொஞ்சம் இருமினாள். "அது கெடக்கு. இந்தக் கப்பல்காரன் என்ன ஆனான்? ஆறாவதப் பாத்துட்டியா?"

"இல்லக்கா. இன்னைக்குப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுறேன்."

"பாக்காத."

"ஏன்?"

"அவன் எடுத்த முடிவு எனக்கு எதுக்கு? முந்திக்கு வந்தாச்சு. நீயே சொல்லு."

8

பஸ்ஸில் வருகிறபோது கட்டிய முடிவுகள் எல்லாம் பதினைந்து வயதில் கட்டியவை. இப்போது எனக்கு மாடி ஏற முடியாது, கட்டிலைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படிக்கட்டைப் பார்த்தேன்.

"கதவோரம் நிக்கிறாளாக்கா. சாத்தவும் இல்ல, எறங்கவும் இல்ல. 'ஒம்பது வருசம் நான் எறங்கி எறங்கி வாசலப் பாத்தாச்சு. இப்ப நீ ஏறி வா'ங்குறா."

"ஏறுனானா?"

"ஏறிக்கிட்டு இருக்கான். கப்பல்ல விழுந்து கால் போச்சுல்ல, ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறுறான். அவ மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கா."

"ஏறட்டும்" என்றாள் செல்லக்கா. "மெதுவா ஏறட்டும். நமக்கு என்ன அவசரம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கீதா காப்பியோடு கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, எவ்வளவு புரிந்ததோ. காப்பி ஆறிப்போயிருந்தது.

"அம்மா, அந்த சீரியல் முடிவு அப்படி இல்ல. நான் வாசிச்சிட்டேன். கடைசி பாகத்துல அவ..."

கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நீ பாக்கலையா? இன்னும் ஒரு பாகம்தானம்மா இருக்கு. போடட்டுமா?"

"வேணாம்த்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

எந்த பஸ் என்று கேட்டாள். உட்கார் என்றேன். ஆறின காப்பியோடு உட்கார்ந்தாள். சீனியம்மாளிலிருந்து கதையைத் தொடங்கினேன்.

ஆகவே வாசகர்களே, மூன்றாவதாகச் சொன்ன கப்பல்காரன் பெண்டாட்டி கதைதான் என் முதல் சிபாரிசு. ஆறு பாகத்தையும் பாருங்கள். லீவு போதும். பார்த்துவிட்டு நல்லா இருந்ததா இல்லையா என்று எழுதுங்கள். முடிவை மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள். அங்கே ஒருவன் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறான்.